சொந்தத் தொழில் செய்பவர்கள் ரிசர்விஸ்ட் நாள்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி: குளிர்சாதன வேன்காரன்

வணக்கம். சிங்கப்பூரில் சொந்தத் தொழில் செய்துகொண்டே ரிசர்விஸ்ட் கடமையையும் (கட்டாயத் தேசிய சேவையை முடித்தவர்கள் அவ்வப்போது திரும்பப் போகும் இராணுவப் பயிற்சி) நிறைவேற்றி வருபவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

நான் குளிர்சாதன (ஏர்கான்) பராமரிப்பு வேலை செய்பவன். தேசிய சேவை முடிந்ததும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் பெயரிலேயே வணிகத்தைப் பதிவு செய்து, கடனில் ஒரு வேன் வாங்கித் தனியாகத் தொடங்கினேன். சுவா சூ காங், புக்கிட் பாஞ்சாங், ஜூரோங் வெஸ்ட் வட்டாரங்களில் உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளும் சில கொண்டோமினிய வீடுகளும்தான் என் பிழைப்பு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்ட வீடுகளால் மாதச் செலவு ஓடுகிறது. கெமிக்கல் வாஷ், கேஸ் டாப்-அப், இரவில் தண்ணீர் ஒழுகுகிறது என்று வரும் திடீர் அழைப்புகள் ஆகியவற்றில்தான் கையில் ஏதாவது மிஞ்சுகிறது.

என்னுடன் மூத்த உதவியாளர் ஒருவர் இருக்கிறார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதிலும், வடிகால் குழாயில் அடைப்பெடுப்பதிலும் அவர் கை என் கையைவிடச் சுத்தம். ஆனால் அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. கேஸ் வேலையைத் தொடமாட்டார். வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால் பேசாமல் போனை என்னிடம் நீட்டிவிடுவார். ஆகவே நான் முகாமுக்குள் போனால் வேன் கார்நிறுத்துமிடத்தில் நிற்கும், அவரும் வீட்டில் இருப்பார், சம்பளம் மட்டும் நான் கொடுத்தாக வேண்டும்.

இதுவரை வந்தவை பெரும்பாலும் சில நாள்களில் முடிந்துவிடும் லோ கீ பயிற்சிகள். இப்போது ஹை கீ என்னும் நீண்ட பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு வாரம், அதுவும் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய காலத்தில். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. வீட்டைத் துடைத்துப் பெருக்கிப் புதிதாக்கும் அந்த வாரங்களில்தான் எல்லாருக்கும் தங்கள் ஏர்கான் நினைவுக்கு வருகிறது. ஆண்டு முழுவதும் தலைகாட்டாதவர்கள்கூட அப்போது அழைப்பார்கள், கேட்ட விலையைத் தருவார்கள்.

நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் இதைப்பற்றி நான் யோசித்ததே இல்லை. அழைப்பாணையை அலுவலகத்தில் கொடுப்பேன், பயிற்சிக்குப் போவேன், மாத இறுதியில் சம்பளம் வழக்கம்போல் வரும். மீதியைக் கணக்காளர் பார்த்துக்கொண்டார். சொந்தத் தொழில் தொடங்கிய பிறகு வந்த ஒரு குறுகிய பயிற்சியின்போதே ஒரு கொண்டோமினிய வாடிக்கையாளரை இழந்தேன். அவர் வீட்டில் தண்ணீர் ஒழுகிய நாளில் நான் வெளிக்களத்தில் இருந்தேன். மாலையில் நான் திரும்ப அழைப்பதற்குள் வேறொருவரைக் கூப்பிட்டு, ஒப்பந்தத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும்போது யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

எனவே என் கேள்விகள் இவை. தற்காப்பு அமைச்சு தரும் தொகை, என்னைப் போன்றவர்களின் உண்மையான இழப்பை எந்த அளவுக்கு ஈடுகட்டுகிறது? தொழிலைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கக் கேட்பது புத்திசாலித்தனமா, அல்லது பின்னால் வந்து மொத்தமாக நம் தலையில் விழுமா? வாடிக்கையாளர்களை அந்த இரண்டு வாரம் பிடித்து வைத்துக்கொள்ள நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தேசிய சேவை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்காக நான் இதை எழுதவில்லை. போகத்தான் போகிறேன், போய் வரும்போது தொழில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பதில்: இரவுநேர ஓட்டுநர்

தம்பி, நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு பிறகு அமைச்சைத் திட்டுகிறார்கள்.

2023ஆம் ஆண்டிலிருந்து, வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போர்க்காலப் படைவீரர் (ரிசர்விஸ்ட் போகிறவர்) எவருக்கும் மாதத்துக்கு 1,600 வெள்ளி என்ற அடிப்படைத் தொகைக்குக் குறையாமல், பயிற்சி நாள்களுக்கு ஏற்பக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். உங்கள் வருமானம் அதற்குமேல் என்றால் அந்த வருமானத்தின் அடிப்படையில் கிடைக்கும். சொந்தத் தொழில் செய்பவரின் வருமானம் எவ்வளவு என்பதை அவர்கள் எங்கிருந்து தெரிந்துகொள்கிறார்கள்? உள்நாட்டு வருவாய் ஆணையம் உங்களுக்கு அனுப்பும் வரி மதிப்பீட்டு அறிவிப்பிலிருந்துதான். அதில் உள்ளது உங்கள் கைக்கு வந்த மொத்தப் பணம் அல்ல, செலவெல்லாம் கழித்த பிறகு நின்ற நிகர வருமானம்.

இதன் பொருள் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, உங்களுடையதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 9,000 வெள்ளிக்கு வேலை நடக்கிறது. கேஸ், இரசாயனம், பெட்ரோல் போன்றவற்றுக்கு 1,500 போகிறது. உதவியாளருக்கு 2,200. வேன் தவணை, காப்புறுதி, கார்நிறுத்தக் கட்டணம், தொலைபேசி, விளம்பரம் எல்லாம் சேர்த்து 1,300. மீதம் 4,000. அரை மாதப் பயிற்சி என்றால், 4,000இல் பாதி, அதாவது 2,000 வெள்ளி கிடைக்கும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த அரை மாதத்தில் பெட்ரோல், கேஸ் செலவு மட்டும்தான் மிச்சமாகும். உதவியாளரின் 1,100உம் வேன் முதலியவற்றின் 650உம் நிற்கப் போவதில்லை. 2,000இல் 1,750 அங்கே போய்விட்டால், உங்கள் வீட்டுச் செலவுக்கு நிற்பது 250 வெள்ளி. நிகர வருமானத்தை ஈடுகட்டுகிறார்கள் என்பது முழு உண்மை. நீங்கள் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும் செலவை யாரும் ஈடுகட்டுவதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பிரச்சினையின் நடுப்புள்ளி அமைச்சு தரும் தொகை அல்ல, உங்கள் உதவியாளர். அவர் அந்த இரண்டு வாரத்தில் தம் சம்பளத்தையும் வேன் தவணையையும் சம்பாதித்துக் கொடுத்துவிட்டால் உங்கள் 2,000 முழுதாக வீட்டுக்குப் போகும். ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவரை அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் நாள்கூலிக்கு அமர்த்தி, சாதாரண சர்வீஸ் வேலைகளை அவர்கள் இருவரிடமும் விட்டு, கேஸ் வேலைகளை மட்டும் பின்னால் தள்ளுங்கள். வேன் காப்புறுதியில் வேறொருவர் ஓட்டலாமா என்பதை முதலில் பாருங்கள். இதைக் கடைசி நாளில் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு அதிகம்.

எங்கள் தொழிலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஒவ்வொரு ரசீதையும் சேர்த்துவைக்காமல், மொத்த வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாகக் காட்டிக்கொள்ள வரி விதி இடம் தருகிறது. வேலை சுலபம், வரியும் குறைவு. ஆனால் உண்மையான செலவு அதைவிடக் குறைவாக உள்ளவருக்கு, நிகர வருமானம் தாளில் சிறுத்துவிடுகிறது. வரி கட்டும்போது சந்தோஷப்படுபவர் ரிசர்விஸ்ட் தொகையைப் பார்க்கும்போது முகம் சுளிக்கிறார். வங்கியில் கடன் கேட்கப் போனாலும் இதே தாளைத்தான் கேட்பார்கள். உங்களுக்கு அந்த 60 விழுக்காடு பொருந்தாது, ஆனாலும் ரொக்கமாக வாங்கும் வேலைகளை எழுதாமல் விடும் பழக்கம் உங்கள் தொழிலிலும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது வரிச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், இந்த இடத்தில் அது நம் சொந்தப் பையையே கடிக்கிறது.

தள்ளிவைப்பதைப் பொறுத்தவரை, என் கருத்து ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்பதே. கேட்பதில் தவறில்லை. ஒன்என்எஸ் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

பதில்: மனிதவளத்தில் ஒருத்தி

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே ஒரு சிறிய பொறியியல் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வந்த புதிதில், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு தொழில்நுட்பர் திடீரென்று இரண்டு வாரம் சீருடை போட்டுக்கொண்டு காணாமல் போவது எனக்குப் புதுமையாக இருந்தது. எங்கள் ஊரிலும் பிராந்திய இராணுவம் என்ற ஒன்று உண்டு, வேலையில் இருப்பவர்களே ஆண்டில் சில வாரங்கள் போய்ப் பயிற்சி பெற்று வருவார்கள். ஆனால் அதில் சேர்பவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்பவர்கள். இங்கே 1967இல் தேசிய சேவை கட்டாயமான நாளிலிருந்து, ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படைவீரர் இருக்கிறார். ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கப்படலாம் என்பதைக் கணக்கில் கொண்டே இங்குள்ள நிறுவனங்கள் ஆளெடுக்கின்றன.

சம்பளம் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு வலுவானது. தேசிய சேவைக்கான பட்டியலிடுதல் சட்டப்படி முதலாளி விடுப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அழைப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்க முடியாது. நாங்கள் சம்பளத்தை வழக்கம்போல் கொடுத்துவிட்டு அமைச்சிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். எங்களைப் போன்ற சிறிய இடத்தில், ஒரே படைப்பிரிவைச் சேர்ந்த இருவருக்கு ஒரே வாரத்தில் அழைப்பு வந்தால் தலைவலிதான், என்றாலும் பணம் திரும்பி வருகிறது. திரும்பி வராதது, அந்த வாரத்தில் முடிக்க வேண்டியிருந்த வேலை. எங்கள் மேலாளர் ஒருவர், அவரும் சென்னையிலிருந்து வந்தவர், “கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லக் கூடாதா?” என்று தொழில்நுட்பரிடம் நேரே கேட்டுவிட்டார். அந்தப் பையன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். நான்தான் மேலாளரை வெளியே அழைத்துப் போய், இங்கே அப்படிக் கேட்பது எப்படி ஒலிக்கும் என்பதை எடுத்துச் சொன்னேன்.

உங்கள் நிலைமையில் கவனிக்க வேண்டியது இதுதான். சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நிற்கிறது. உங்களுக்கும் உங்கள் வாடிக்கையாளருக்கும் இடையே அது நிற்பதில்லை. கொண்டோமினிய வாடிக்கையாளர் வேறொருவரிடம் போனால், அது வெறும் வணிகம். ஆகவே சட்டம் தராத பாதுகாப்பை நீங்கள் உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சர்வீஸ் ஒப்பந்தத் தாளில் ஒரே ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். தேசிய சேவைக் கடமையின்போது வழக்கமான சர்வீஸ் அதிகபட்சம் இத்தனை வாரம் தள்ளிப்போகலாம் என்றும், அவசர அழைப்புகளை அதே விலையில் இன்னார் கவனிப்பார் என்றும் அதில் இருக்கட்டும். இந்த ஊரில் ரிசர்விஸ்ட் என்று சொன்னால் முகம் கோணுபவர்கள் மிகக் குறைவு. அந்த வாடிக்கையாளரே போய் வந்தவராக இருப்பார், அல்லது அவர் மகன் இப்போது உள்ளே இருப்பான். கோபம் வருவது, அவர்களுக்கு முன்கூட்டியே தெரியாமல் போகும்போதுதான்.

அந்த “இன்னார்” யார் என்பதற்கு ஓட்டுநர் அண்ணன் சொன்ன நாள்கூலி ஏற்பாட்டைவிட, உங்களைப் போலவே தனியாகத் தொழில் செய்யும் இன்னொருவரோடு கைமாற்று வைத்துக்கொள்வது நல்லது என்று நான் நினைக்கிறேன். உங்கள் அவசர அழைப்புகளை அவர் பார்க்கட்டும், வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளட்டும். அவர் முகாமுக்குப் போகும்போது நீங்கள் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளரை அவர் இழுத்துக்கொள்வார் என்ற பயம் இருக்கும். அவருடைய வாடிக்கையாளர்களும் ஒருநாள் உங்கள் கையில் வரப்போகிறார்கள் என்பதுதான் அதற்கு உத்தரவாதம்.

பதில்: பழைய சிஎஸ்எம்

என் பத்தாண்டு ரிசர்விஸ்ட் சுற்று முடிந்துவிட்டது. பெயர் இப்போது அமைச்சின் ரிசர்வ் பட்டியலில் இருக்கிறது. கடைசிச் சில ஆண்டுகள் கம்பெனி சார்ஜண்ட் மேஜராக இருந்தேன் என்பதால், தள்ளிவைக்கக் கேட்டு வந்த பலரின் கதைகளை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். ஓட்டுநர் நண்பரின் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை.

தள்ளிவைப்பது என்பது தள்ளுபடி அல்ல. செய்யாத பயிற்சி உங்கள் கணக்கில் பாக்கியாகவே நிற்கும். சுற்றை முடிக்கத் தேவையான பயிற்சிகளை முடிக்கும்வரை, அல்லது வயது வரம்பை எட்டும்வரை, அழைப்பு வந்துகொண்டிருக்கும். அதிகாரிகள் அல்லாதவர்களுக்கு அந்த வரம்பு 40 வயது, அதிகாரிகளுக்கு 50. 2006க்கு முன்பு சுற்று 13 ஆண்டுகளாக இருந்தது, அதைப் பத்தாக்கினார்கள். ஆனால் அடிக்கடி தள்ளிவைத்துப் பதின்மூன்று ஆண்டுகளாகத் தாங்களே நீட்டிக்கொண்டவர்களை நான் அறிவேன். முப்பது வயதில் தனியாளாகத் தொழில் செய்யும்போது இரண்டு வாரம் போவது கடினம் என்றால், முப்பத்தெட்டு வயதில் இரண்டு வேனும் நான்கு ஆள்களும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது போவது அதைவிடக் கடினம். போதாததற்கு, உங்கள் படைப்பிரிவு வேறு ஒன்றாக மாற்றப்பட்டு, அறிமுகமே இல்லாத, உங்களைவிடப் பத்து வயது இளைய பையன்களோடு அப்போது போக வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஆண்டு உங்கள் பட்டாளத்துக்கு ஏடெக் மதிப்பீடு (பட்டாளத்தின் போர்த் தயார்நிலையைச் சோதிக்கும் பயிற்சி) இருக்கிறதா என்பதை நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால், தொழிலில் கூட்டம் அதிகம் என்ற காரணத்துக்குப் பச்சைக்கொடி கிடைப்பது அரிது. அந்தப் பயிற்சிக்குத்தான் எல்லா இடத்திலும் ஆள் நிறைந்திருக்க வேண்டும். ஏடெக் இல்லாத சாதாரண ஆண்டு என்றால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். எதுவானாலும், விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்பதும் அனுமதி கிடைத்துவிட்டது என்பதும் வேறு வேறு. பதில் வரும்வரை நீங்கள் போக வேண்டியவர்தான். போகாமல் இருந்துவிட்டால் அது இராணுவச் சட்டப்படி குற்றம். அபராதத்திலோ தடுப்புக்காவலிலோ போய் முடியும்.

தள்ளிவைப்பதற்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது, நடுவில் சில மணி நேரம் வெளியே வர அனுமதி கேட்பது. இதை உங்கள் பிளட்டூன் கமாண்டரிடமும் ஆள் விவகாரங்களைக் கவனிக்கும் எஸ்1 பிரிவிடமும் பயிற்சி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று குறிப்பிட்டு, ஒப்பந்தத் தாளின் நகலையும் சேர்த்து அனுப்பினால், கேட்பவர் மனம் வேறாக இருக்கும். முதல் நாள் மூட்டையோடு வரிசையில் நின்றுகொண்டு “சார், எனக்கு வெள்ளிக்கிழமை வேலை இருக்கிறது” என்று சொல்பவருக்கு உதவ விரும்பினாலும் முடியாது, ஏனென்றால் அதற்குள் வெளிக்களத்துக்கு யார் யார் என்ற பெயர்ப் பட்டியல் முடிந்திருக்கும்.

இரண்டு வாரம் என்றாலும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். தொடக்கத்தில் இன்-ப்ரோ என்னும் வருகைப் பதிவு, மருத்துவச் சோதனை, துப்பாக்கி வாங்குவது, பாடங்கள் என்று போகும். மாலையில் போன் பார்க்கலாம், வாடிக்கையாளரிடம் பேசலாம். நடுவில் வெளிக்களப் பயிற்சி வரும் நாள்களில் மட்டும் உலகத்தோடு தொடர்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் பெரும்பாலும் புக் அவுட், அதாவது வீட்டுக்குப் போக அனுமதி, உண்டு. இறுதி நாள்களில் துப்பாக்கி துடைப்பதும் கணக்கு ஒப்படைப்பதும்தான். ஆகவே உங்கள் கைமாற்று நண்பர் முழு இரண்டு வாரத்துக்கும் தேவைப்படமாட்டார். அந்த வெளிக்கள நாள்கள் எவை என்பது தெரிந்தால் போதும், அவற்றை அவரிடம் கொடுத்துவிட்டு, சனி ஞாயிறில் நீங்களே இரண்டு மூன்று பெரிய வேலைகளை முடித்துவிடலாம். தூக்கம் கெடும், அது வேறு விஷயம்.

உடற்தகுதித் தேர்வை மறந்துவிட்டால் அதுவும் வருமானத்தைக் கடிக்கும். ஐபிபிடி என்னும் அந்தத் தேர்வில் தேறாதவர் பத்து முறை என்எஸ் ஃபிட் உடற்பயிற்சிக்குப் போக வேண்டும். உங்களுக்கு அது பத்து மாலை வேலை. தேறிவிட்டால் ஒரே மாலையோடு முடிந்தது, தரம் நன்றாக இருந்தால் அதற்கேற்ப 200, 300, 500 வெள்ளி என்று பணமும் கிடைக்கும். ஏணியில் ஏறி இறங்கும் தொழில் செய்பவருக்கு 2.4 கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பதில்: பூன் லேயிலிருந்து

என் கணவர் திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஒலி, ஒளி அமைத்துத் தருபவர். முன்பதிவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாரும் பணத்தையும் சட்டத்தையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் தொலைபேசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் உள்ளே இருக்கும்போது உங்கள் வணிக எண்ணை யாராவது எடுத்துப் பேச வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு இன்றுவரை மிக்சரில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாது. அழைப்பை எடுத்து, பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டு, இன்ன நாளுக்குள் பதில் வரும் என்று சொல்லி, சொன்ன நாளில் திரும்ப அழைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் “ரிசர்விஸ்டில் இருக்கிறேன்” என்று தானியங்கிச் செய்தி மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதைப் படித்த கையோடு அடுத்த எண்ணைத் தட்டுகிறார்கள். அம்மா, மனைவி, தங்கை, யாராவது ஒருவருக்கு விலைப்பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர்களுக்கும் ஏதாவது கொடுங்கள், சும்மா செய்யச் சொல்லாதீர்கள். என் கணவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

இன்னொன்று: எங்களுக்குப் பெரிய அழைப்பாணை பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. வந்த அன்றே அந்தத் தேதிகளை முன்பதிவு நாள்காட்டியில் சிவப்பால் அடைத்துவிடுவேன். அதற்கு முந்தைய மூன்று நான்கு நாள்களையும் சேர்த்தே அடைப்பேன். சட்டையும் பூட்ஸும் தேடுவதற்கு அல்ல, போவதற்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று அளவுக்கு மீறி வேலையை ஒப்புக்கொண்டு, முதல் நாளே காய்ச்சலோடு முகாமுக்குப் போவதைத் தடுப்பதற்கு.

பதில்: குளிர்சாதன வேன்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஓட்டுநர் அண்ணன் போட்ட கணக்கில் என் எண்களை வைத்துப் பார்த்தேன். என் உதவியாளரின் சம்பளம் இன்னும் கொஞ்சம் அதிகம், அதனால் கைக்கு நிற்பது அந்த 250ஐயும் எட்டவில்லை. ஆனால் அவரும் வேனும் வாரத்தில் நான்கு நாள் ஓடினாலே அந்த இடைவெளி அடைந்துவிடும் என்பதும் அதே கணக்கில் தெரிகிறது. காப்புறுதி முகவரிடம் கேட்டுவிட்டேன். கூடுதல் ஓட்டுநரின் பெயரைச் சேர்க்கலாம், சிறிது கட்டணம் உண்டு.

தள்ளிவைக்க விண்ணப்பிக்கப் போவதில்லை. பட்டாள நண்பர்களிடம் விசாரித்ததில் இந்த ஆண்டு ஏடெக் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் முப்பத்தெட்டு வயதுக் கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. வெளிக்கள நாள்கள் தெரிந்ததும், அதற்குப் பிந்தைய ஒரு மாலைக்கு மட்டும் அனுமதி கேட்டு எஸ்1 பிரிவுக்கு எழுதுவேன். அன்று ஒரு பாலர் பள்ளியின் கெமிக்கல் வாஷ் வேலை இருக்கிறது, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் அதைத் தொட முடியும். தொலைபேசியை என் தங்கை எடுப்பாள். பூன் லே அக்கா சொன்னதை அவளுக்கும் அனுப்பிவிட்டேன், உடனே கட்டணத்தைக் கேட்டுவிட்டாள்.

மீதமிருப்பது கைமாற்று ஆள்தான். மேற்கு வட்டாரத்தில் தனியாகத் தொழில் செய்யும் குளிர்சாதனப் பராமரிப்பாளர் யாராவது இதைப் படித்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஆர்32 கேஸ் வேலையில் பழக்கம் இருக்க வேண்டும், சொந்த வாகனம் வேண்டும். உங்கள் பயிற்சி சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் வராமல் இருந்தால், என் அவசர அழைப்புகளை நீங்கள் எடுங்கள். பொருள் செலவு போக மீதியில் ஏழு பங்கு உங்களுக்கு, மூன்று பங்கு எனக்கு. உங்கள் முறை வரும்போது அதே கணக்கில் நான் வருகிறேன். ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய அந்தப் பத்தியை மனிதவளத்தில் இருக்கும் அக்கா எழுதிக் காட்டினால் அதையும் இருவரும் ஒரே மாதிரி போட்டுக்கொள்ளலாம்.